ஒரு ரவுண்டு ஜாஸ்தி

அவர் தனியாக டீ குடித்து நான் பார்த்ததில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்த டீக்கடைக்கு வருவார். டீ சொல்லமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெரிந்த முகம் ஏதாவது அந்தப் பக்கம் வந்தால் போதும், "வாங்க வாங்க, ரெண்டு டீ போடுப்பா" என்று எழுந்து நிற்பார். தெரிந்த முகம் வராவிட்டால் தெரியாத முகத்தைக் கூப்பிடுவார். மூட்டையோடு விருத்தாசலம் பஸ்ஸுக்கு ஓடுகிற ஆளை மறித்து, "சார், ஒரு டீ குடிச்சிட்டு போலாமே" என்பார். அந்த ஆள் இவரை ஏதோ பிராடுப் பேர்வழி என்று நினைத்து, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடுவார். இவர் அதற்கெல்லாம் வருத்தப்பட மாட்டார். மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த ஆளுக்குக் காத்திருப்பார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஆர்கெஸ்ட்ரா நோட்டீஸிலேயே அவர் பெயர் வந்தது கிடையாது. குழுவை நடத்திய மாஸ்டர் பாஸ்கரின் படம் பெரிதாக இருக்கும். பக்கத்தில் சின்னதாக நான், 'இன்னிசைக் குயில் ஸ்டெல்லா' என்று. குயிலாவது மயிலாவது, என் குரல் கட்டைக் குரல். கீழே 'மற்றும் குழுவினர்' என்று போட்டிருக்கும். அந்தக் குழுவினரில் டிரம்ஸ் வாசிப்பவர் அவர். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம்.

நான் 2004-ல் அந்தக் குழுவில் சேர்ந்தேன். பகலில் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பேன், சாயங்காலம் கச்சேரி. சர்ச் கொயரில் பாடிய தைரியத்தில்தான் வந்தேன். ஆனால் கொயரில் நாலு பேரோடு சேர்ந்து நின்று பாடுவதும், கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால் தனியாக மைக்கைப் பிடிப்பதும் ஒன்றா? என் முதல் கச்சேரி புவனகிரியில் ஒரு வரவேற்பு. பல்லவி எப்படியோ தப்பித்துவிட்டது. நடுவில் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற இடத்தில் எனக்கு எப்போது சரணம் வரும் என்பதே மறந்துபோய், பாதி இசையிலேயே திடுதிப்பென்று சரணத்தை ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்த நொடியே தெரிந்துவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன்.

சாகவில்லை. பின்னாலிருந்து டமடமவென்று ஒரு ரோல் விழுந்தது. அதைக் கேட்டதும் கீபோர்டு, கிடார், தபேலா எல்லாம் வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு என் சரணத்துக்குத் தாவிவிட்டன. முன்வரிசையில் ஒரு பெரியவர் "சபாஷ்" என்று கூடச் சொன்னார். பாட்டு அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார் பாவம்.

இறங்கியதும் நேராக அவரிடம் போனேன். "அண்ணே, எப்பிடிண்ணே புடிச்சீங்க?" என்றேன்.

"நீ மூச்சு இழுத்தம்மா" என்றார். "தோள்பட்டை மேல ஏறுச்சு. பாடப் போறவதானே மூச்சு இழுப்பா?"

"நான் இழுத்தது தப்பான எடத்துலண்ணே."

"அதனால இன்னா? தப்பு பண்ணா எல்லாரும் சேந்து பண்ணிடணும். அப்ப அது தப்பு இல்ல, ஸ்டைலு."

அவர் டிரம்ஸ் வாசிக்கும்போது டிரம்ஸைப் பார்த்து நான் கண்டதேயில்லை. கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, பாடுகிறவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். கீபோர்டு வாசித்த அக்பர், லால்பேட்டைக்காரர், அவரை மாமா மாமா என்று ஓட்டிக்கொண்டே இருப்பார். "மாமா, நீ வாசிக்க வந்தியா, ஸ்டெல்லாக்கா ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தியா?" என்பார். எனக்கு சுர்ரென்று கோபம் வரும். ஆனால் அந்தப் பார்வையில் ஒரு அசிங்கமும் கிடையாது. ஆண் குரலுக்கு மாஸ்டர் பாடினாலும் அப்படித்தான் பார்ப்பார். மாஸ்டர் ரவிக்கையா போட்டிருந்தார்?

தனியாக எதையும் செய்ய முடியாத மனிதர் என்றுதான் அவரைச் சொல்லவேண்டும். பகலில் பெயிண்ட் வேலைக்குப் போவார். ஜோடியாக ஆள் இருந்தால்தான் போவார். கச்சேரிக்குச் சிதம்பரம் போகவேண்டும் என்றால், எங்களில் யாராவது வந்து சேரும் வரைக்கும் பஸ்களை விட்டுக்கொண்டே நிற்பார். பஸ் காலியாக வந்து நின்றாலும் ஏறமாட்டார். "சீட்டு கெடக்குதேண்ணே, ஏறி உக்காந்துக்க வேண்டியதுதானே" என்று நான் திட்டினால், "பேச்சுத் துணைக்கு ஆள் வேணாமா?" என்பார். ஏறினபிறகு என்ன பேசுவார் என்கிறீர்கள்? ஒன்றும் பேசமாட்டார். சிதம்பரம் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். பக்கத்தில் ஒரு தோள் இருந்தால் போதும் அவருக்கு.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு மாடி ரூமில் இருந்தார். கல்யாணம் ஆனதா இல்லையா என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். "ஆச்சு, போச்சு" என்றார்.

டிராக் வந்தது இரண்டு மூன்று வருஷம் கழித்து. அதுவரைக்கும் நாங்கள் எல்லாவற்றையும் வாசித்துத்தான் பாடுவோம். ஒரு கச்சேரி என்றால் வேன் நிறைய ஆட்கள், கால் வைக்க இடமில்லாமல் பெட்டிகள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அக்பர் துபாய்க்குப் போனார். கிடார் வாசித்தவர் சென்னைக்குப் போனார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் குழு சுருங்கிப்போன சமயத்தில், மாஸ்டர் ஒருநாள் பிராக்டீஸுக்கு லேப்டாப்போடு வந்தார். பொத்தானைத் தட்டினார். வயலின் கூட்டம், புல்லாங்குழல், டிரம்பெட், எல்லாம் சினிமாவில் கேட்கிற மாதிரியே வந்தது. குரல் மட்டும் இல்லை.

"இதான் டிராக்கு. இனிமே நாம பாடினா போதும்" என்றார் மாஸ்டர்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. அத்தனை வயலினை நாங்கள் எந்தக் காலத்தில் மேடையில் பார்த்தோம்? மாஸ்டர் சொன்ன நியாயமும் நியாயம்தான். "ஜனங்க எல்லாம் செல்போன்லயே பாட்டு கேக்குறாங்க ஸ்டெல்லா. அதே மாரி இருந்தாதான் கை தட்டுறாங்க. நாம ரெண்டு வயலினை கீபோர்டுல வாசிச்சா, இன்னாடா இது பீப்பீன்னு சிரிக்கிறாங்க."

அண்ணன் டிராக்கை முழுதாகக் கேட்டார். தலையாட்டி ரசித்துத்தான் கேட்டார். முடிந்ததும், "நல்லா வாசிக்கிறாங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாம நின்னா இது நிக்குமா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"நாம எதுக்குண்ணே நிக்கணும்?"

"இல்ல, மறந்துட்டா?"

"மறக்கக் கூடாது" என்றார் மாஸ்டர்.

அண்ணனுக்கு அந்தப் பதில் செரிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் குழுவை விட்டுப் போகவில்லை. போய் எங்கே உட்காருவார்? டிராக் ஓடும், அதன்மேல் அவரும் டிரம்ஸ் வாசிப்பார். மேடையில் பார்க்க நன்றாக இருக்கும் என்று மாஸ்டரும் வைத்துக்கொண்டார். கொஞ்ச காலம் அது ஓடியது, சிதம்பரம் கச்சேரி வரைக்கும்.

அது கீழவீதிப் பக்கம் ஒரு மண்டபம். பெரிய இடத்துக் கல்யாணம். மாஸ்டர் ஒரு வேகப்பாட்டை எடுத்தார். முன்வரிசையில் யாரோ முக்கியப்பட்டவர் வந்து உட்கார, மாஸ்டர் பாடிக்கொண்டே ஒரு கும்பிடு போட்டார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கவனம் சிதறி, இரண்டாம் சரணத்தை முன்னாலேயே எடுத்துவிட்டார். டிராக் அதுபாட்டுக்குப் புல்லாங்குழலை ஊதிக்கொண்டிருந்தது.

அண்ணன் என்ன செய்வார்? வாழ்நாளெல்லாம் என்ன செய்தாரோ அதையே செய்தார். மாஸ்டர் தோள் ஏறியதைப் பார்த்தார், ரோல் அடித்தார், மாஸ்டரோடு தாவிவிட்டார். டிராக் தாவவில்லை. ஒரே மேடையில் இரண்டு பாட்டு ஓடியது. இவர் ஒரு பக்கம் அடிக்க, டிராக்கில் இருக்கிற டிரம்ஸ் இன்னொரு பக்கம் அடிக்க, மாஸ்டர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூட, மண்டபமே சிரித்தது. அண்ணனோ மாஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வா வா நான் இருக்கிறேன் என்கிற மாதிரி இன்னும் பலமாக அடித்தார். கடைசியில் மாஸ்டர் கையைக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னார்: "டிரம்ஸில் ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேனில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க முன்னாடி எடுத்துட்டு அவர் மேல பழியப் போடுறீங்களே மாஸ்டர்!"

"நான் முன்னாடி எடுத்தேன், சரி. அவரு ஏன் வந்தாரு? டிராக்கோட இருந்திருந்தா நான் ரெண்டு வரியில வந்து சேந்திருப்பேன்ல?"

மாஸ்டர் சொன்னதும் சரிதான். அண்ணனைப் பார்த்தேன். பின்சீட்டில் டிரம் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "மாஸ்டர் தனியா மாட்டிக்கினாரே, எப்பிடிம்மா வுட்டுட்டுப் போறது?" என்று என்னிடம் கேட்டார். கோபமில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். எங்களுக்கென்று சொந்தமாக டிராக் போட்டுவிடுவது. அதற்கு என் குரலும் ஒரு காரணம். கடையில் வருகிற டிராக்கெல்லாம் எனக்கு எட்டாத சுருதி. நான் எட்டிப் பிடிக்கப் பார்த்தால் பூனையை மிதித்த மாதிரி இருக்கும். என் கட்டைக் குரலுக்கு ஏற்ற மாதிரி, பாண்டிச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் வாசித்துப் பதிவு செய்வதாகத் திட்டம். முதலில் டிரம்ஸ், மறுநாள் அதன்மேல் ஸ்டுடியோ ஆளே கீபோர்டில் மற்றதையெல்லாம் வாசித்துச் சேர்த்துவிடுவார்.

அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். டிராக்கில் தானும் இருக்கப்போகிறோம் என்று சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். சுருதி பார்க்க மாஸ்டர் என்னையும் அழைத்துப் போனார்.

ஸ்டுடியோவில் ஒரு கண்ணாடி ரூம். உள்ளே டிரம்ஸ், அவர் மட்டும். காதில் ஹெட்போன். அதில் டக் டக் டக் டக் என்று தாளம் மட்டும் ஓடும், அதை ஒட்டி வாசிக்கவேண்டும். வெளியே நாங்கள். இன்ஜினியர் கையைக் காட்டினார். அண்ணன் ஸ்டிக்கைத் தூக்கினார். தூக்கினபடியே உட்கார்ந்திருந்தார். மறுபடியும் கையைக் காட்டினார்கள். வாசித்தார், நாலு அடி, நிறுத்திவிட்டார். திரும்பவும் நாலு அடி, நிறுத்தம். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வெளியே வந்தார். அந்த ஏசியில் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"யாரும் பாடலியே" என்றார்.

"பாட்டு அப்புறம் மேடையிலதாண்ணே. இப்ப நீங்க மனசுக்குள்ள பாடிக்கினு வாசிங்க" என்றார் மாஸ்டர்.

"மனசுக்குள்ள பாடுறவன் எங்க மூச்சு எடுக்கிறான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இன்ஜினியர் சிரித்துவிட்டார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் என் பக்கம் திரும்பி, கெஞ்சுகிற குரலில், "ஸ்டெல்லா, நீ அந்தக் கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு சும்மா வாய மட்டும் அசைம்மா. சத்தம் வேணாம். நீ நின்னா போதும்" என்றார்.

நின்றேன். வெளியே ஸ்பீக்கரில் அதே டக் டக்கைப் போட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே கையில் மைக் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஒவ்வொரு பாட்டாகப் பாடினேன். பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே அந்த மனிதர் மாறிப்போனார். கழுத்து ஒரு பக்கம் திரும்பியது, கை விழ ஆரம்பித்தது. அன்றைக்கு அவர் வாசித்த மாதிரி அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. நானும் அந்த மாதிரிப் பாடியதில்லை. என்ன பிரயோஜனம், அதை யாரும் கேட்கவில்லை.

ஒரு மெதுவான பாட்டு வந்தது. சரணத்துக்கு முந்தின இசை முடியும் இடத்தில், அந்த ஏசிக் குளிருக்கு எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, அடுக்காக. நான் சரணத்தை எடுக்கவில்லை. உள்ளே அவர் சிரித்துக்கொண்டே அதே தாளத்தை இன்னும் ஒரு ரவுண்டு வாசித்தார், நான் மூக்கைத் துடைத்துவிட்டு மூச்சு இழுக்கும் வரைக்கும். என் தோள் ஏறியதும் ரோல் அடித்து என்னைச் சரணத்துக்குள் விட்டார். தாளம் துளி பிசகவில்லை என்பதால் இன்ஜினியர் ஓகே சொல்லிவிட்டார். மாஸ்டர் அந்த நேரம் போனில் இருந்தார். மறுநாள் கீபோர்டு வாசித்தவரும் டிரம்ஸை ஒட்டியே வாசித்துப் போய்விட்டார்.

மேடையில் முதல்தடவை போட்டபோதுதான் மாஸ்டருக்குத் தெரிந்தது. "இன்னா இது, ஒரு ரவுண்டு ஜாஸ்தியா இருக்கு!" என்று கத்தினார். திரும்பப் பாண்டிச்சேரி போய் எல்லாவற்றையும் பதிவு செய்ய யாருக்குத் தெம்பு? அப்படியே விட்டுவிட்டார். அதன்பிறகு அந்தப் பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் ஒரு ரவுண்டு சும்மா நிற்பேன். ஜனங்கள் அதை ஏதோ பாவனை காட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

டிராக் எல்லாம் தயாரானபிறகு டிரம்ஸுக்கு வேனில் இடமில்லை என்று ஆயிற்று. யாரும் அவரைப் போ என்று சொல்லவில்லை. "சொல்லி அனுப்புறோம்ணே" என்றார் மாஸ்டர். சொல்லி அனுப்பவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே பிராக்டீஸ் நடக்கும் இடத்துக்கு வந்தார்.

"அப்ப நான் வரவேணாமா மாஸ்டர்?"

"இன்னாண்ணே இப்பிடி கேக்குறீங்க? நீங்கதான் எல்லாக் கச்சேரியிலயும் வாசிக்கிறீங்களே!" என்று லேப்டாப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தார் மாஸ்டர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தமாஷாகத்தான் சொன்னார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை.

அவர் வருவதை நிறுத்தவில்லை. கச்சேரி எங்கே என்று நோட்டீஸைப் பார்த்தோ, என்னிடம் ஜெராக்ஸ் கடையில் கேட்டோ தெரிந்துகொள்வார். கிள்ளையோ சிதம்பரமோ, பஸ் ஏறி வந்துவிடுவார். இப்போது தனியாகவே ஏறி வந்தார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்றும் நினைத்துக்கொள்வார்கள். மேடைக்குப் பக்கவாட்டில், சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தொடையில் வாசித்துக்கொண்டே இருப்பார். கழுத்து என் பக்கம் திரும்பியிருக்கும். ஸ்பீக்கரில் வருவதும் அவர், நாற்காலியில் இருப்பதும் அவர். முதலில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மேடையில் நானும் ஒரு லேப்டாப்பும்தானே! எதிரே மண்டபம் கொள்ளாத ஜனம் இருக்கும். அதில் பாதிப்பேர் பந்திக்கு எழுந்துகொண்டிருப்பார்கள், மீதிப்பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் திரும்பினால் பூ அலங்காரம் மட்டும்தான். பாடி முடித்துவிட்டு யாரைப் பார்த்துச் சிரிப்பது? அவரைப் பார்த்துச் சிரிப்பேன்.

போகப்போக அதுவே சங்கடமாகவும் ஆகிவிட்டது. வேறு யாரும் என்னை அந்த அளவுக்குக் கவனிக்கவில்லை, அவர் ஒரு மூச்சையும் விடாமல் கவனித்தார். சில நாள் நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைப்பேன். காலியாக இருந்த ஒருநாள் எனக்குப் பாட்டே ஓடவில்லை. ஜுரமாம். அடுத்த கச்சேரிக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பந்தியில் தனியாக உட்காரமாட்டார். நான் வரும்வரைக்கும் கை கழுவுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். ஒருநாள் இலைமுன் உட்கார்ந்ததும் கேட்டேன். "அண்ணே, உங்க வாசிப்ப நீங்களே உக்காந்து கேக்குறது எப்பிடிண்ணே இருக்கு?"

அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "நல்லாதாம்மா வாசிச்சிருக்கேன். ஆனா ஒருத்தன உள்ள வச்சிப் பூட்டிட்டு நான் வந்துட்ட மாரி இருக்கு. அவன் பாட்டுக்கு வாசிச்சிக்கினே கெடக்குறான். நீ தும்மினாலும் இருமினாலும் அவனுக்குத் தெரியாது" என்றார். பிறகு, "அந்தப் பாட்டுல மட்டும் ஒரு எடத்துல நிக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

2012-ல் சிதம்பரத்தில் ஒரு வரவேற்பு. கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத வருஷம் அது. மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் கதறிக்கொண்டிருந்தது. அண்ணன் சுவரோர நாற்காலியில் இருந்தார். மிகவும் இளைத்திருந்தார், சட்டை தொளதொளவென்று கிடந்தது. மாஸ்டர் லேப்டாப்பைத் தட்டினார். அந்த மெதுவான பாட்டு.

பல்லவி முடிந்தது. இசை ஓடியது. அது முடிகிற இடத்தில் வழக்கம்போல நான் மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு நின்றேன், அந்த ஒரு ரவுண்டுக்காக. அண்ணன் பக்கம் பார்த்தேன். அவரும் தொடையில் அந்த ரவுண்டை வாசித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கரில் சரணம் ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் ஓரத்திலிருந்து "பாடு, பாடு" என்று கையை வீசினார். நான் அண்ணனையே பார்த்தேன். அவர் இன்னும் அந்த ரவுண்டிலேயே இருந்தார். அவர் கை அந்த ரவுண்டை முடித்தது, தொடையில் ரோல் விழுந்தது, எனக்கு மூச்சு தானாக ஏறியது. சரணத்தை எடுத்துவிட்டேன். டிராக் ஒரு ரவுண்டு முன்னால், நாங்கள் இரண்டு பேரும் ஒரு ரவுண்டு பின்னால். அப்படியே இரண்டு வரி பாடினேன். கேட்கச் சகிக்கவில்லை. முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. மாஸ்டர் முகம் சிவந்துபோய்விட்டது. எனக்கு வேறு வழியில்லை. நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டு டிராக்குக்குத் தாவி ஒட்டிக்கொண்டேன்.

ஒட்டிக்கொண்டபிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் கைகள் நின்றிருந்தன. இரண்டு உள்ளங்கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இறங்கியதும் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "வெட்டிட்டேன்னு சொல்ல மறந்துட்டேன். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்து அந்த ஜாஸ்தி ரவுண்டை எடுத்தாச்சு. வருஷக்கணக்கா அந்த எடத்துல பேன்னு நின்னுக்கினு இருக்கோம், இனிமே கரெக்ட்டா இருக்கும். அதுக்குன்னு பாட்டு ஓடுறது காதுல வுழலியா உனக்கு?"

பந்தி நடக்கும் இடத்துக்குப் போனேன். கை கழுவுகிற இடத்தில் அவர் இல்லை. வாசலுக்கு ஓடினேன். ஜெனரேட்டர் பக்கத்தில், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாப்புடாம போறீங்களே."

"பசிக்கலம்மா."

"அத வெட்டிட்டாராம்ணே. எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்கு சொல்லல."

"அது ஜாஸ்திதானேம்மா" என்றார். "இப்பதான் பாட்டு சரியா இருக்கு. நீ ஏன் முழிச்ச? காதுல கேட்டுதுல்ல, உடனே எடுத்திருக்க வேண்டியதுதானே?" பெரிய மனுஷன் மாதிரி என்னைக் கண்டித்தார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "என்னைக் கேக்குறீங்களே, உங்க காதுலயும்தான் கேட்டுச்சு? நீங்க ஏண்ணே அங்கியே நின்னீங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்காதோ என்று பக்கத்தில் வந்து சொன்னார்.

"நீ வரலியேம்மா."